சுவை நம் விருப்பம், அளவு யார் விருப்பம்?

வேப் புகைக்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி: "என்ன சுவை?" பதில் உடனே வரும். மாம்பழம், லைச்சி, தர்பூசணி, திராட்சை ஐஸ் என்று பட்டியலே நீளும். இரண்டாவது கேள்வி: "அதில் நிக்கோட்டின் எவ்வளவு?" நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் கையிலிருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிலர் "அஞ்சு பெர்சென்ட்" என்றார்கள். அஞ்சுதானே, கம்மிதானே என்று ஒருவர் என்னிடமே வாதாடினார்.

ஐந்து விழுக்காடு என்றால் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 20 மில்லிகிராம்தான். அவர் 'கம்மி' என்று சொன்னது அதைப்போல இரண்டரை மடங்கு.

நம் நாட்டில் வேப் பற்றிய பேச்சு, தடை செய்யலாமா வேண்டாமா என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. கருவியும் திரவமும் அவரவர் விருப்பத்துக்கு ஏற்றபடி அமைய வேண்டுமா, அல்லது எல்லாருக்கும் ஒரே தரநிலையில் வர வேண்டுமா? கடைக்காரருக்குப் பிடித்த சொல் 'உங்களுக்கு ஏற்றபடி'. அதிகாரிகளுக்குப் பிடித்த சொல் 'தரநிலை'. இரசாயனப் பொறியியல் படிக்கும் எனக்கு இந்த இரண்டாவது சொல் வகுப்பில் தினமும் காதில் விழுவது. இந்த இரண்டு சொற்களும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன என்பது என் கருத்து. புகைப்பவர் தெரிந்து தீர்மானிக்க வேண்டிய நிக்கோட்டின் அளவைத் தயாரிப்பாளர் தீர்மானித்து, மூடி முத்திரையிட்டுக் கொடுக்கிறார். கட்டுக்குள் இருக்க வேண்டிய சுவையும் வண்ணமும் நம் விருப்பத்துக்கு என்று கடை முழுக்கப் பரப்பப்பட்டிருக்கின்றன.

இது எப்படி இப்படி ஆனது என்று புரிய, பத்தாண்டுகள் பின்னால் போக வேண்டும்.

2015இல் நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. எங்கள் தாமான் கடைவரிசையில் முடிதிருத்தும் கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவில் ஒரு வேப் கடை இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் அண்ணன்மார் நாலைந்து பேர் கடிகாரம் பழுதுபார்ப்பவர்களைப் போலக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். மெல்லிய கம்பியைத் திருகாணிமேல் சுற்றிச் சுருளாக்குவார்கள். சுருளுக்குள் பஞ்சைத் திணிப்பார்கள். மின்தடையை அளந்து பார்ப்பார்கள். 'மோட்' எனப்படும் கருவியின் உடல் பித்தளையில் இருக்கும், செம்பில் இருக்கும், சிலரிடம் செதுக்கிய மரத்திலும் இருக்கும். ஒருவர் கருவி இன்னொருவரிடம் இருக்காது. திரவமும் அப்படித்தான். புரோப்பிலீன் கிளைகோல், கிளிசரின், சுவையூட்டி, நிக்கோட்டின் என்று நான்கே பொருள்கள். இவற்றை இன்ன விகிதத்தில் கலந்தால் புகை அடர்த்தியாக வரும், இன்ன விகிதத்தில் தொண்டையில் உறைக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. மலேசியத் திரவங்கள், குறிப்பாக மாம்பழச் சுவையில் வந்தவை, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாகிப் பெயர் வாங்கின. ஆசியாவின் பெரிய வேப் சந்தைகளில் ஒன்றாக நம் நாடு அப்போது வளர்ந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சிலர் இன்றும் ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. தன் கையால் செய்வதில் ஒரு பெருமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கை எட்டும் தூரத்துக்கு அறிவு எட்டியதா என்பதுதான் கேள்வி.

படிவம் 5 இயற்பியலில் வரும் ஓம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். முழுதாக மின்னேற்றிய 18650 ரக லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் தரும். பெரிய புகைமூட்டம் வேண்டும் என்று ஒருவர் 0.1 ஓம் சுருள் கட்டினால் மின்கலத்திலிருந்து பாயப்போவது 42 ஆம்பியர். இந்த ரகத்தில் நல்ல மின்கலமே தொடர்ச்சியாகத் தாங்குவது 20, 30 ஆம்பியர்தான். 'மெக்கானிக்கல் மோட்' எனப்பட்ட கருவிகளில் இதைத் தடுக்க எந்த மின்சுற்றும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் மின்கலத்துக்கும் சுருளுக்கும் நேரடித் தொடர்பு. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இந்த ரகக் கருவி ஒன்று வெடித்ததில் 38 வயது ஆடவர் ஒருவர் உயிரிழந்தார். கருவியின் துண்டு தலைக்குள் பாய்ந்திருந்தது.

திரவத்தில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. சுவையூட்டிகள் உணவில் சேர்க்கப் பாதுகாப்பானவை என்று கடைகளில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வயிறு வேறு, நுரையீரல் வேறு. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டில் என்ற பொருளைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதையே ஆவியாகச் சுவாசித்த அமெரிக்க மிசூரி மாநிலத்து பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு, நுண் மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் வந்தது 2000ஆம் ஆண்டு வாக்கில் தெரியவந்தது. 2015 டிசம்பரில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 51 மின்சிகரெட் சுவைகளில் 39இல் டையசெட்டில் இருந்தது. கவனியுங்கள், அவை யாரோ வீட்டுச் சமையலறையில் கலந்தவை அல்ல. பெயரும் லேபிளும் போட்டுக் கடைக்கு வந்தவை.

நம் நாட்டில் சட்டம் அப்போதும் இருந்தது. நிக்கோட்டின், 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வந்த பொருள். மருத்துவரோ உரிமம் பெற்ற மருந்தாளரோதான் விற்கலாம். 2015 நவம்பரில் சுகாதார அமைச்சு கடைகளில் சோதனை நடத்தித் திரவங்களைப் பறிமுதல் செய்தது. கிளந்தானும் ஜொகூரும் விற்பனையையே நிறுத்தச் சொல்லின. மற்ற இடங்களில் கடைகள் சில நாள் கதவைச் சாத்திவிட்டுத் திறந்தன. எங்கள் தாமான் கடையும் திறந்தது.

பிறகு சுருள் கட்டும் கூட்டம் தானாகவே கரைந்தது. காரணம் சட்டம் இல்லை, புதிய இரசாயனம்.

நிக்கோட்டினை அப்படியே திரவத்தில் கலந்தால் அது காரத்தன்மை உள்ளது, தொண்டையை எரிக்கும். அதனால்தான் அந்த அண்ணன்மார் 3, 6, மிஞ்சினால் 12 மில்லிகிராம் என்று நின்றார்கள். அதற்குமேல் போனால் இருமல் வந்துவிடும். நம் உடம்பு தானே வைத்திருந்த உச்சவரம்பு அது. நிக்கோட்டினோடு பென்சோயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்த்து உப்பாக மாற்றினால் எரிச்சல் அடங்கிவிடுகிறது. 50 மில்லிகிராம்கூட வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். 2015இல் அமெரிக்காவில் ஜூல் இந்த வழியில்தான் சந்தைக்கு வந்தது. சுருள் கட்ட வேண்டாம், பஞ்சு வேண்டாம், அளக்க வேண்டாம். மூடிய சின்னக் குப்பியைச் செருகினால் போதும். எல்லாருக்கும் ஒரே கருவி. அடுத்து, தீர்ந்ததும் தூக்கி எறியும் கருவிகள் வந்தன. குளிர்பான டின் வடிவம், பொம்மை வடிவம், மின்னும் விளக்கு.

இதுவும் ஒரு தரப்படுத்தல்தான். ஆனால் தரப்படுத்தியது பாதுகாப்பை அல்ல. அதிகபட்ச நிக்கோட்டினைச் சிரமமில்லாமல் உள்ளே அனுப்பும் முறையைத் தரப்படுத்தினார்கள். ஆபத்தில்லாத விருப்பங்களாகச் சுவையையும் வண்ணத்தையும் நமக்கு விட்டுவைத்தார்கள். விற்பவருக்கு ஆபத்தில்லாதவை என்று சொல்ல வேண்டும்.

என் மாமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். இருபத்தைந்து வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் குடித்தவர். ஐந்தாறு வருடத்துக்கு முன் வேப்புக்கு மாறினார். பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும் பழைய ரகக் கருவி, திரவத்தைத் தானே ஊற்றிக்கொள்வது. முதலில் 12 மில்லிகிராம். சில மாதம் கழித்து 6. பிறகு 3. ஒவ்வொரு படி இறங்கும்போதும் வீட்டில் ஒரு வாரம் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டோம். அத்தை காலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்து வைப்பார். இப்போது நிக்கோட்டின் இல்லாத திரவத்தை இரவில் மட்டும் கொஞ்சம் ஊதுகிறார். "கைக்கு வேலை வேணும்லா" என்று சிரிப்பார்.

நான் வேப்பை ஆதரிக்கவில்லை. ஆனால் 'தனக்கு ஏற்றபடி' என்பதற்கு நான் பார்த்த ஒரே நல்ல அர்த்தம் மாமாவின் காலண்டர்தான். அளவை அறிந்து, அதைக் குறைக்கும் உரிமை. 50 மில்லிகிராம் மட்டுமே வரும் மூடிய குப்பியில் அந்தப் படிக்கட்டு கிடையாது. அடுத்த படி என்பது நிறுத்துவது அல்லது தொடர்வது. சிகரெட்டே பிடித்திராத பதினைந்து வயதுப் பையன் நேராக அந்த உச்சிப் படியில்தான் ஏறி நிற்கிறான்.

அந்தப் பையனும் என் கற்பனை இல்லை. என் சித்தி மகன். 2023இல் படிவம் 3 படித்தபோது அவன் பள்ளிப் பையில் சித்தி ஒரு சின்னக் கருவியையும் 30 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றையும் கண்டெடுத்தார். பாட்டிலில் பெரிய எழுத்தில் மாம்பழம். அடியில் எறும்பு அளவு எழுத்தில் 35 மில்லிகிராம். "வாசமாத்தானக்கா இருக்கு, சிகரெட் மாதிரி நாறலையே" என்றான் என்னிடம். நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 30ஐ 35ஆல் பெருக்கினால் 1,050 மில்லிகிராம். ஒரு சிகரெட்டில் உள்ள புகையிலையில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம். உடம்பு ஏற்கும் அளவு இரண்டிலும் வேறுபடும் என்றாலும், அந்தப் பாட்டிலில் இருந்த நிக்கோட்டின் ஏறக்குறைய ஐந்து சிகரெட் பெட்டிகளில் இருப்பது. பெட்டியாக ஐந்து சிகரெட் பெட்டி பையில் இருந்திருந்தால் அவன் வகுப்பாசிரியரே ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார்.

அந்த ஆண்டில் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பார்ப்போம். வேப் திரவத்துக்கு வரி விதிப்பதற்காக 2023 மார்ச் 31 அன்று நிக்கோட்டின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டம், அதாவது 852ஆவது சட்டமான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1. நடுவில் பதினெட்டு மாதங்கள். அந்த இடைவெளியில் ஒரு கடைக்காரர் படிவம் 3 மாணவனுக்கு அந்தப் பாட்டிலை விற்றால் அவர் மீறியதாகச் சொல்ல வயது வரம்பு ஒன்று இல்லை. அதற்கு முன்பே நிலைமை மோசமாகியிருந்தது. 13 முதல் 17 வயது மாணவர்களில் வேப் பழக்கம் உள்ளவர்கள் 2017இல் 9.8 விழுக்காடு. 2022 தேசியச் சுகாதார ஆய்வில் அது 14.9 விழுக்காடு.

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அது வரி.

2023 ஏப்ரல் 1 முதல் நிக்கோட்டின் திரவத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி. நிக்கோட்டினே இல்லாத திரவத்துக்கு 2021 முதலே அதே 40 சென். கேட்க நியாயமாக இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே அளவுகோல். இப்போது மாமாவின் பாட்டிலையும் தம்பியின் பாட்டிலையும் பக்கத்தில் வையுங்கள். மாமா வாங்கியது 60 மில்லிலிட்டர், 3 மில்லிகிராம் வீரியம். மொத்த நிக்கோட்டின் 180 மில்லிகிராம், அந்த விகிதப்படி வரி 24 ரிங்கிட். தம்பியின் பாட்டில் 30 மில்லிலிட்டர், மொத்த நிக்கோட்டின் 1,050 மில்லிகிராம், வரி 12 ரிங்கிட். ஆறு மடங்கு நிக்கோட்டினுக்குப் பாதி வரி. விட்டொழிக்கப் பாடுபடுபவர் அதிகம் கட்டுகிறார், புதிதாக மாட்டிக்கொள்பவன் குறைவாகக் கட்டுகிறான். வரி போட்டவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எதை அளப்பது என்று யோசிக்காமல் அளக்க எளிதானதை அளந்தால் இதுதான் நடக்கும். ஆய்வுக்கூடத்தில் எங்கள் விரிவுரையாளர் முதல் வாரமே சொல்லித் தருவது, கன அளவும் செறிவும் வேறு வேறு என்பதைத்தான்.

கருவிக்கும் தரநிலை உண்டு. 2022 ஆகஸ்டு முதல் மின்சிகரெட் கருவிகளுக்குச் சிரிம் சான்றும் முத்திரையும் கட்டாயம். 42 ஆம்பியர் கதையை மேலே படித்தவர்களுக்கு இது ஏன் தேவை என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் விடுதியில் ஒரு தோழி அந்த முத்திரையைக் காட்டி, "பாரு, கவர்மெண்டே ஓக்கே சொல்லிருக்கு" என்றாள். கருவி பாதுகாப்பான கருவிதான் என்று சொல்லும் முத்திரையை, உள்ளே ஊற்றுவது நுரையீரலுக்கு நல்லது என்ற சான்றாக அவள் எடுத்துக்கொண்டாள். அரிசிப் பானையில் முத்திரை இருந்தால் சோறு வெந்ததாக ஆகுமா?

மூடிய குப்பியின் இன்னொரு முகத்தைப் பக்கத்து நாட்டில் பார்த்தோம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வேப்பை வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். அப்படியிருந்தும் பறிமுதல் செய்த கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்த மருத்துவமனையில் பயன்படும் மருந்து அது. செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் மற்றவற்றைப் போலவே ஒரு சின்னக் குப்பிதான்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பாடம் 2019இல் நடந்தது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ உயிரிழந்தோ இருந்தார்கள். அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கஞ்சாச் சத்துத் திரவத்தைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்த வைட்டமின் இ அசிட்டேட். அந்தக் குப்பிகள் பலவும் பெயர் பொறித்த அழகான பெட்டிகளில் வந்தவை. அந்தப் பெட்டிகள் காலியாகவே மொத்த விலைக்குக் கிடைத்தன, யார் வேண்டுமானாலும் எதையும் நிரப்பி விற்கலாம். ஒரே மாதிரி தோற்றம் இருந்தால் உள்ளே இருப்பதும் ஒரே மாதிரி என்று நம் மூளை நம்பிவிடுகிறது. சுருள் கட்டிய அண்ணன்மாருக்குக் குறைந்தபட்சம் தாம் ஊற்றியது எது என்று தெரியும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் கறாரான தரநிலை வைத்துவிடலாமா? ஐரோப்பா 2016 மே முதல் அப்படித்தான் வைத்தது. நிக்கோட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பாட்டில் 10 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, கருவியின் கொள்கலன் 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. என்ன நடந்தது தெரியுமா? நிக்கோட்டின் உள்ள பாட்டிலுக்குத்தானே வரம்பு? 60 மில்லிலிட்டர் பாட்டிலில் நிக்கோட்டின் இல்லாத திரவம் 50 மில்லிலிட்டரை நிரப்பி, மேலே காலியாக விட்டு விற்றார்கள். கூடவே 18 மில்லிகிராம் வீரியத்தில் 10 மில்லிலிட்டர் நிக்கோட்டின் குப்பி ஒன்று. வீட்டுக்குப் போய்க் கலந்துகொள்ளுங்கள். கலந்தால் வருவது 60 மில்லிலிட்டர், 3 மில்லிகிராம், மாமாவின் பாட்டில் அப்படியே. தரநிலை ஒரு பக்கம் கதவை மூட, கலக்கும் வேலை மறுபக்கம் சமையலறை வழியாக உள்ளே வந்தது. ஆனாலும் 20 மில்லிகிராம் என்ற அந்த உச்சவரம்பு நின்றது. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பாருங்கள். பாட்டிலின் அளவைப் பிடித்த விதியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள், வீரியத்தைப் பிடித்த விதி பிடித்தே இருந்தது.

ஆஸ்திரேலியா எடுத்த வழி எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. 2024 ஜூலை முதல் அங்கே மருந்தகத்தில் மட்டுமே விற்பனை. சுவை என்றால் புதினா, மெந்தால், புகையிலை, அவ்வளவுதான். பொம்மை வடிவம் கிடையாது. அக்டோபரிலிருந்து 20 மில்லிகிராம் வரை பெரியவர்கள் மருந்தாளரிடம் பேசி வாங்கலாம், அதற்குமேல் மருத்துவர் சீட்டு வேண்டும். கள்ளச்சந்தை அங்கே ஒழிந்துவிடவில்லை, அது உண்மை. ஆனால் எதைப் பூட்டி வைப்பது, எதைத் திறந்து வைப்பது என்ற வரிசை அங்கே சரியாக இருக்கிறது. சுவை பூட்டியிருக்கிறது. அளவு, கேட்டுத் தெரிந்து மாற்றக்கூடியதாக இருக்கிறது. நம்மிடம் இது தலைகீழ்.

"இவ்வளவு யோசிப்பதற்கு ஒரேயடியாகத் தடை செய்துவிட்டுப் போகலாமே" என்று என் அம்மாவே கேட்டார். ஆசிரியர்கள் பலரும் கேட்கிறார்கள். மாணவர்கள் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் யார் கையிலும் இது இருக்கக்கூடாது, விற்றவர்மீது வழக்குப் போட வேண்டும். தூக்கி எறியும் கருவிகளையும் நான் காப்பாற்ற வரவில்லை, அவை நாளைக்கே போனாலும் நல்லது. ஆனால் மாமாவைப் போன்றவர்கள் பாதி இறங்கிய படிக்கட்டில் நிற்கிறார்கள். முழுத் தடை வந்த மறுநாளும் சிகரெட் அதே கடையில் இருக்கும், மாமா லோரியை நிறுத்திச் சாப்பிடும் மாமாக் கடைக்குப் பக்கத்திலேயே. அதைப் பற்றிப் பேசாமல் தடையை மட்டும் பேசுவது எனக்குப் பாதிக் கணக்காகத் தெரிகிறது.

புதிய சட்டத்தின் கீழ் திரவங்களுக்குப் பதிவு முறையும் நிக்கோட்டின் வரம்பும் வந்திருக்கின்றன. நல்ல தொடக்கம். அதோடு நான் கேட்பவை மிகச் சாதாரணமானவை. பாட்டிலில் உள்ள மொத்த நிக்கோட்டின் எத்தனை மில்லிகிராம் என்பதை, சுவையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். விழுக்காட்டில் அல்ல, மில்லிகிராமில். நெஸ்டம் பாக்கெட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று படிக்கத் தெரிந்த நமக்கு இதுவும் படிக்கத் தெரியும். பழச் சுவைகளையும் மிட்டாய்ச் சுவைகளையும் எடுத்துவிடுங்கள். எந்தத் திரவம் விற்றாலும் அதே ரகத்தில் 6, 3, 0 என்று கீழ்ப்படிகளையும் விற்றாக வேண்டும் என்று விதி போடுங்கள்.

வரியை மில்லிலிட்டரிலிருந்து மில்லிகிராமுக்கு மாற்றுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு மில்லிகிராம் நிக்கோட்டினுக்கு 2 சென் என்று வைத்துக்கொள்வோம். மாமாவின் 60 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு வரி 24 ரிங்கிட்டிலிருந்து 3 ரிங்கிட் 60 சென்னுக்கு இறங்கும். தம்பியின் மாம்பழப் பாட்டிலுக்கு 12 ரிங்கிட்டிலிருந்து 21 ரிங்கிட்டுக்கு ஏறும். அவனுக்குச் சித்தி கொடுக்கும் கைச்செலவு வாரத்துக்கு 20 ரிங்கிட்.